குடல் சுத்தப் பொடி: நாட்டு மருந்துக் கடையில் எதை வாங்கலாம், எதை விட்டுவிட்டு வரலாம்

மதுரையில் நாட்டு மருந்துக் கடையில் போய் நின்று, "அண்ணே, குடல் சுத்தத்துக்கு ஏதாச்சும் குடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது ஒரு கலவைப் பொடிதான். கீழமாசி வீதியில் கேட்டாலும் உசிலம்பட்டி கடைத்தெருவில் கேட்டாலும் சரக்கு ஏறக்குறைய ஒன்றே: நிலாவரை, கடுக்காய், சோம்பு, சுக்கு, அதிமதுரம், இந்துப்பு. சில பொட்டலங்களில் ஓமமோ ரோஜா இதழோ கூடுதலாக இருக்கும். பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், சோம்பு வாசம், நாக்கில் வைத்தால் முதலில் உப்பு, அப்புறம் இனிப்பு, கடைசியில் துவர்ப்பு. "ராத்திரி ஒரு ஸ்பூன் சுடுதண்ணில போடுங்க, காலைல எல்லாம் கிளியர்" என்பார்கள். சொன்னபடி காலையில் ஆகியும் விடுகிறது. அதனால்தான் இந்தப் பொடி இவ்வளவு விற்கிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கலவை வேண்டாம், தனிச்சரக்காக வாங்குங்கள். ஏன் என்று புரிய, நிலாவரை குடலுக்குள் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

நிலாவரை இலையில் உள்ள சென்னோசைடு, உள்ளே போனதும் பேதியாக்குகிற பொருள் கிடையாது. அதோடு சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டியிருப்பதால் இரைப்பையும் சிறுகுடலும் அதைச் சீண்டுவதில்லை. பெரும்பகுதி அப்படியே பெருங்குடலுக்கு இறங்கிவிடுகிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியா அந்தச் சர்க்கரையை வெட்டி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ரெயின் ஆந்த்ரோன் என்ற பொருளாக மாற்றிப் போடுகிறது. குடலை முடுக்கிவிடுவதும், மலத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சவிடாமல் தடுப்பதும் இந்த ஆந்த்ரோன்தான். இலை பெருங்குடல்வரை போய்ச் சேர வேண்டும், பாக்டீரியா அதன் வேலையை முடிக்க வேண்டும். ஆக 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கிறது. ராத்திரி குடித்து விடியற்காலையில் போகிற கணக்கு இதுதான். விளக்கெண்ணெய் 2 முதல் 6 மணி நேரத்திலேயே வேலையைக் காட்டுவதற்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. அதைப் பிரிப்பது சிறுகுடலில் நம் உடம்பே சுரக்கும் நொதி. பாக்டீரியாவின் தயவு அதற்குத் தேவையில்லை.

இதிலிருந்து வாங்குகிறவருக்கு இரண்டு விஷயம் கிடைக்கிறது. ஒரே ஸ்பூன் பொடி ஒருத்தருக்கு நாலு தடவை போகவைக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றுமே செய்யாது. பொடி போலி என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், இருவர் குடலிலும் இருக்கும் பாக்டீரியா வேறு. இரண்டாவது, ஆன்டிபயாடிக் மாத்திரை ஒரு கோர்ஸ் முடித்த கையோடு நிலாவரை குடித்தால் வேகம் குறைவாக இருக்கலாம், மாற்றிக் கொடுக்க வேண்டிய கூட்டமே மெலிந்திருக்கும். அந்த நேரத்தில் "கேக்கலையே" என்று அளவைக் கூட்டுவதுதான் வழக்கமான தப்பு. கொஞ்ச நாளில் பாக்டீரியா திரும்பிவிடும், ஆனால் கூட்டிய அளவு பழக்கமாக நின்றுவிடும். அப்போது வயிற்றைப் பிசைந்து எடுக்கும்.

அளவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தரமான நிலாவரை இலையில் சென்னோசைடு எடைக்கு ஏறக்குறைய 2.5 சதவீதம். அப்படியானால் 1 கிராம் இலைத்தூளில் 25 மில்லிகிராம். பெரியவர்களுக்கு மாத்திரையாகத் தரும்போது வழக்கமான அளவு 15 முதல் 30 மில்லிகிராம். கோபுரமாக அள்ளிய டீஸ்பூனில் 3 கிராம் இலைத்தூள் பிடிக்கிறது என்று வையுங்கள், 75 மில்லிகிராம் ஆகிவிட்டது. தனி நிலாவரைப் பொடி என்றால் தலைதட்டிய கால் டீஸ்பூனில் ஆரம்பிப்பதே முறை. கலவையில் இந்தக் கணக்கே போட முடியாது. நிலாவரை பாதியா, பத்தில் ஒன்றா என்று பொட்டலத்தில் எழுதியிருப்பதில்லை. போதாக்குறைக்கு இந்துப்பு கனமான சரக்கு, இலைத்தூள் லேசு. பையை நாலு தடவை தூக்கி வைத்தால் உப்பு அடியில் தங்கி இலை மேலே நிற்கும். கண்ணாடி டம்ளரில் பொடியைக் கொட்டி லேசாகத் தட்டிப் பாருங்கள், அடியில் வெளுத்த பட்டை தெரிந்தால் கலவை பிரிந்துவிட்டது என்று அர்த்தம். அதாவது முதல் வாரத்து ஸ்பூனும் கடைசி வாரத்து ஸ்பூனும் ஒரே மருந்து இல்லை.

எனக்கு அதைவிடப் பெரிய குறையாகப் படுவது அதிமதுரம். நிலாவரை வயிற்றைப் பிசையும் என்பதால் அதைத் தணிக்க அதிமதுரம் சேர்ப்பது பழைய முறைதான், காரணமும் உள்ள முறை. ஆனால் அதிமதுரத்தின் இனிப்பான கிளைசிரைசினையும் குடல் பாக்டீரியாதான் உடைத்துக் கிளைசிரெட்டினிக் அமிலமாக்குகிறது. அது ரத்தத்தில் ஏறினால் சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். ரத்த அழுத்தம் கூடும். தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஐரோப்பாவில் சொல்லும் மேல்வரம்பு கிளைசிரைசின் நாளைக்கு 100 மில்லிகிராம். நிலாவரையும் நீண்ட நாள் எடுத்தால் பேதியோடு பொட்டாசியத்தை இறக்கும். ஒரே பொட்டலத்தில் பொட்டாசியத்தை இறக்குகிற சரக்கு இரண்டு, அழுத்தத்தை ஏற்ற இந்துப்பு ஒன்று. பிரஷருக்கு நீர் மாத்திரையோ இதயத்துக்கு டிகாக்சினோ சாப்பிடும் வீட்டுப் பெரியவர் இதை மாதக்கணக்கில் குடித்தால் முதலில் கால் பிடிப்பு, உடல் அசதி, அப்புறம் நெஞ்சுத் துடிப்பில் தடுமாற்றம் என்று போகும். "மூலிகைதானே" என்று யாரும் டாக்டரிடம் சொல்வதும் இல்லை. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கடைக்காரர் சொல்லும் அளவை நம்பிக் கொடுக்கவே கூடாது.

நிலாவரை வேண்டியே வேண்டும் என்பவர்கள் இலையாகக் கேளுங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து மானாவாரி நிலத்தில் விளையும் சரக்கு இது. வெளிநாட்டுச் சந்தையில் இதன் பெயரே 'டின்னவெல்லி சென்னா'. இலை ஈட்டி முனைபோலக் கூராக இருக்கும், காம்பு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் சமமாக இருக்காது. முனை மழுங்கி உருண்ட இலை கலந்திருந்தால் ஆவாரையாக இருக்கலாம். மதுரையைச் சுற்றித் தரிசில் எங்கும் நிற்கிற செடி, நிலாவரையோடு கலப்பதற்குப் பேர்போனது. ஆவாரை நல்ல சரக்குதான், ஆனால் அதை நம்பிப் பேதி எதிர்பார்க்க முடியாது. பொடியாக வாங்கினால் இந்தச் சோதனைக்கே வழியில்லை. எப்படி வாங்கினாலும் ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து வேண்டாம். குடித்த மறுநாள் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பயப்பட வேண்டாம், ஆந்த்ரோன் வகைச் சாயம் அது.

'சுத்தம்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொலோனோஸ்கோப்பிக்கு (பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) முன் மருந்து கொடுத்து அடியோடு கழுவிய குடலிலேயே ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பழைய பாக்டீரியாக் கூட்டம் திரும்பிவிடுகிறது. மாதம் ஒரு தடவை பேதிக்குச் சாப்பிட்டு அதை மாற்றிவிடலாம் என்பது நடக்காத காரியம். தினமும் அதற்கு என்ன தீனி போடுகிறோம் என்பதுதான் மாற்றும்.

அடுத்த அலமாரியில் திரிபலா, அதாவது கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்த பொடி. இது வாங்க வேண்டிய சரக்கு, ஆனால் காயாக. "சுக்கிற்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு" என்ற பழமொழி கடைக்காரர் எல்லோருக்கும் தெரியும். கடுக்காயின் கொட்டையை நீக்கி ஓட்டுச் சதையை மட்டும் எடுக்க வேண்டும். எடையில் கணிசமான பங்கு கொட்டைக்குப் போவதால், மலிவான பொடியில் கொட்டையும் சேர்ந்து அரைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். விரலிடுக்கில் தேய்த்தால் மணல்போல நெருடும், வாயில் துவர்ப்பு குறைவாக இருக்கும்.

கடுக்காய் வாங்கும்போது வரி எழும்பி, பூச்சி ஓட்டை இல்லாமல், கையில் கனமாக இருப்பதைப் பொறுக்குங்கள். தண்ணீரில் போட்டால் நல்ல காய் அமிழும், மிதப்பது உள்ளே செத்த காய். தான்றிக்காய் உருண்டையாக, மேலே வெல்வெட் துணிபோலச் சொரசொரப்பாக இருக்கும். நெல்லி வற்றல் கொட்டை எடுத்தே வரும். இருந்தாலும் ஒரு கை பரப்பிப் பார்த்துவிடுங்கள். கடுக்காயையும் தான்றியையும் இடிகல்லில் ஒவ்வொன்றாக வைத்து ஒரு தட்டு தட்டினால் ஓடு பிளந்து கொட்டை தனியாகும். மூன்றும் சம எடை என்று சொல்வது கொட்டை நீக்கிய எடையைத்தான். முழுக்காயாக நூறு நூறு கிராம் வாங்கிக் கொட்டை நீக்கி அரைத்தால் நெல்லிதான் மிஞ்சி நிற்கும், பொடி புளிக்கும். நீக்கியதில் 100 கிராம் வீதம் எடுத்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, இடித்துவிட்டு மிக்ஸியில் போடுங்கள். இடிக்காமல் போட்டால் ஜாருக்குத்தான் சேதம். மெல்லிய துணியில் சலித்து, மிஞ்சும் கப்பியைத் திரும்ப அரைக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் அரைக்காதீர்கள். ஈரம் இழுத்துக் கட்டி தட்டினால் அடுத்தது பூஞ்சணம். ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் மூன்று மாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வையுங்கள். இரவில் 2 கிராமில் ஆரம்பித்து 3 முதல் 5 கிராம்வரை போகலாம்.

திரிபலாவின் துவர்ப்புக்குக் காரணம் டானின். அதில் ஒரு பெரும் வகை எலாஜிடானின். மாதுளை ஓட்டிலும் இதுவே இருக்கிறது. உடம்பு இதை நேராக உறிஞ்சுவதில்லை. குடலில் முதலில் எலாஜிக் அமிலமாகப் பிரிந்து, அதைக் கார்டோனிபாக்டர் போன்ற சில பாக்டீரியாக்கள் படிப்படியாகச் செதுக்கி யூரோலித்தின் என்ற பொருளாக்குகின்றன. ரத்தத்துக்குப் போவது இந்த யூரோலித்தின். இங்கேதான் சிக்கல்: எல்லோர் குடலிலும் இந்த ஆசாரிகள் இல்லை. யூரோலித்தின்-ஏ செய்கிறவர்கள், வேறு வகை யூரோலித்தின்களும் சேர்த்துச் செய்கிறவர்கள், எதுவுமே செய்யாதவர்கள் என்று மூன்று பிரிவாக மனிதர்களைப் பிரிக்கிறார்கள். மூன்றாம் பிரிவுக்காரர் கிலோ கணக்கில் மாதுளை தின்றாலும் யூரோலித்தின் வராது. 2016-ல் வந்த ஆய்வில் யூரோலித்தின்-ஏ கொடுத்த நுண்புழுக்களின் ஆயுள் நீண்டது, எலிகள் கூடுதல் நேரம் ஓடின. உண்மை. ஆனால் அங்கே கொடுத்தது தயார் நிலையில் இருந்த யூரோலித்தினை. 'ஆயுள் கூட்டும்' என்று திரிபலா டப்பாவில் அச்சிடுவதற்கு அது சாட்சி ஆகாது. மலம் இளக்கவும், வயிற்று மந்தத்துக்கும் என்றால் வாங்கலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் பெண்கள் திரிபலாவுக்கும் மாத்திரைக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். மாத்திரையை டீயோடு விழுங்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

இசப்கோல் உமி நம் ஊர் நாட்டு மருந்து கிடையாது, குஜராத், ராஜஸ்தான் விளைச்சல். ஆனாலும் மலச்சிக்கலுக்குக் கடையில் இருப்பதிலேயே நம்பி வாங்கக்கூடியது அதுதான். வேடிக்கை என்னவென்றால், பாக்டீரியா இதை அதிகம் தின்பதே இல்லை. அதனால்தான் உருப்படியாகக் கடைசிவரை போய், இழுத்த தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. இறுகியதை இளக்கும், இளகியதைக் கெட்டியாக்கும், வாயுவும் குறைவு. நாளைக்கு 7 கிராம் கரையும் நார்ச்சத்து இதிலிருந்து கிடைத்தால் கெட்ட கொழுப்பு கொஞ்சம் இறங்கும் என்பதற்கும் நல்ல ஆதாரம் உண்டு. ஒரு டேபிள்ஸ்பூன் உமியை 250 மில்லி தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும். போன் பேசிவிட்டு வந்தால் டம்ளரில் ஜெல்லிதான் இருக்கும். வெறும் உமியை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது தொண்டையில் அடைத்துக்கொள்ள வழி. விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு வேண்டவே வேண்டாம். கலக்கிய டம்ளரின் அடியில் பழுப்பாக மண்டி தங்கினால் உமி சுத்தமில்லை. ஆரஞ்சு வாசனை சேர்த்த பாக்கெட்டில் சர்க்கரை எவ்வளவு என்று பின்பக்கம் பாருங்கள்.

வெந்தயம் இதற்கு நேர் எதிர். எடையில் ஏறக்குறைய பாதி நார்ச்சத்து, அதில் கரையும் பகுதியான கேலக்டோமேனன் பாக்டீரியாவுக்கு விருந்து. அது புளித்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்கள் வருகின்றன. பெருங்குடல் சுவர்ச் செல்களுக்கு வேண்டிய சக்தியில் சுமார் 70 சதவீதம் அந்த பியூட்டிரேட்டிலிருந்துதான். விருந்து என்றால் வாயுவும் வரும். முதல் வாரம் வயிறு உப்புவதைப் பார்த்து நிறுத்திவிடுகிறார்கள். ஒரு டீஸ்பூனுக்கு (சுமார் 4 கிராம்) பதில் அரை டீஸ்பூனில் ஆரம்பித்து வாரம் ஒரு படி கூட்டினால் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். இரவில் ஊறவைத்துவிட்டுக் காலையில் தண்ணீரை மட்டும் குடித்து விதையைக் கொட்டுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. நாரில் பெரும்பகுதி அந்த விதையில் போய்விடுகிறது, மென்று தின்னுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அளவைக் கூட்டும்போது ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தாழ்ந்துவிடலாம். வியர்வையில் வெந்தய வாசம் வருவதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

மஞ்சள் கேப்ஸ்யூலைச் சுருக்கமாகத் தள்ளிவிடலாம். மஞ்சளில் மருந்துப் பொருளாகச் சொல்லப்படும் குர்குமின் 3 சதவீதம் அளவுக்குத்தான், அதிலும் ரத்தத்தில் சேர்வது சொற்பம். மிளகின் பைப்பரின் சேர்த்தால் கூடும் என்பது சரி, ஆனால் அதே பைப்பரின் வலிப்பு மாத்திரை போன்றவற்றின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். குழம்பில் போடுகிற மஞ்சளும் மிளகும் போதும்.

கடையில் யாரும் குடல் மருந்து என்று எடுத்துக் கொடுக்காத சரக்கு எள். இதிலுள்ள செசமின் என்ற பொருளைக் குடல் பாக்டீரியா என்டரோலாக்டோனாக (பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைக் கொஞ்சம் ஒத்த பொருள்) மாற்றுகிறது. இந்த மாற்றத்துக்குப் பாக்டீரியா எவ்வளவு அவசியம் என்பது பின்லாந்தில் ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது: அண்மையில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களிடம் என்டரோலாக்டோன் குறைவாக இருந்தது. முழு எள் தோலோடு அப்படியே வெளியே வந்துவிடும் என்பதால் எள்ளுப்பொடியாகவோ நன்றாக இடித்த எள்ளுருண்டையாகவோ சாப்பிடுவது மேல்.

பொட்டலத்தில் பார்க்க வேண்டியது இரண்டே எண். சித்த மருந்து என்று விற்றால் தயாரிப்பு உரிம எண் இருக்க வேண்டும். உணவுப் பொருள் என்று விற்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க எண். இரண்டும் இல்லாமல் ஸ்டேப்ளர் அடித்த பையில் 'குடல் சுத்தம்' என்று மட்டும் இருந்தால் அது யாருடைய பொறுப்பிலும் இல்லாத சரக்கு. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்த மலச்சிக்கல் என்றால் கடைத்தெருப் பக்கமே போக வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

இவ்வளவும் வாங்கிய பிறகும், உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்ன நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து ஸ்பூன் கணக்கில் எட்டாது. அது தட்டிலிருந்து வர வேண்டும். 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் 2.8 கிராம், கேப்பையில் (கேழ்வரகு) 11.2, கம்பில் 11.5. பழைய சோற்றைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். சோறு ஆறும்போது செரிக்காத மாவுச்சத்து கூடுவது நிஜம்தான், ஆனால் 2015-ல் வந்த ஓர் அளவீட்டில் சூடான சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம், ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்துத் திரும்பச் சூடாக்கியதில் 1.65 கிராம். ஒரு கிராம் வித்தியாசம். கூடத் தொட்டுக்கொள்ளும் சின்ன வெங்காயத்தில் உள்ள ஃபிரக்டான் என்ற நாரையும் பாக்டீரியா விட்டுவைப்பதில்லை. அடிக்கடி வயிறு உப்பி வலிக்கிறவர்களுக்கு மட்டும் அதே வெங்காயம் எதிரி.

கேப்பையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதிலுள்ள ஃபெருலிக் அமிலம் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட்டில் பெரும்பகுதி நாரோடு பிணைந்து தோலில் இருக்கிறது, பெருங்குடல் பாக்டீரியா வெட்டி எடுத்தால்தான் வெளியே வரும். தோல் போனால் அதுவும் போச்சு. பாக்கெட்டில் வரும் வெளுத்த, நைஸான கேப்பை மாவைவிட, முழுதாக வாங்கிக் கல் பொறுக்கி, கழுவிக் காயவைத்து மில்லில் கொடுப்பது இதனால்தான் லாபம். மில்லில் "சலிச்சுத் தரவாக்கா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கூழ் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், கரைக்கும்போது கட்டி விழாமல் இருக்க முதல் நாள் இரவே மாவைத் தண்ணீரில் கரைத்துப் புளிக்க வைத்தால் போதும்.